‘ஓம் மிஸ்’ என்று மூடிய போத்தல்கள்

போன கிழமை, புதிதாக வேலைக்கு வந்த நீங்கள் நான்கு பேரும் என் மேசையைச் சுற்றி நின்று கேட்டவை எல்லாம் அளவுகள். கத்தரிக்கு எத்தனை அடி இடைவெளி, உவர்த் தண்ணீரை எந்த மிளகாய் தாங்கும், அச்சாறுக்கு எவ்வளவு உப்பு. அவை அலுமாரியின் இரண்டாம் தட்டில், நீல உறை போட்ட கோப்பில் இருக்கின்றன. நான் இங்கே எழுதுவது அந்தக் கோப்பில் இல்லாத ஒன்று.

இப்படி எழுதுகிறவர்கள் வழக்கமாக ஓய்வு பெற்றவர்கள். எனக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. கிடைத்திருப்பது இடமாற்றம் மட்டும்தான். ஆனாலும் முந்தலுக்கும் கனமூலைக்கும் இடையில் ஆறு வருடம் ஸ்கூட்டியில் புழுதி தின்றிருக்கிறேன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நடந்த பிழைக்கும் அதற்கும் தொடர்பு உண்டு. உடப்பில் கரைவலை இழுக்கிற வீடு எங்களுடையது. அப்பாவுக்குக் கையெழுத்து வராது. அம்மா பள்ளிக்கூடத்துக்குள் முதலில் கால் வைத்தது என்னைச் சேர்க்க வந்த அன்றுதான். அந்த வீட்டிலிருந்து விவசாய டிப்ளோமா முடித்து, போதனாசிரியை என்ற பெயரோடு திரும்பி வந்தவள் நான். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமை இன்றும் குறையவில்லை. ஆனால் முதல் இரண்டு வருடம் அது என் காதை அடைத்துக்கொண்டிருந்தது.

கனமூலைக்குப் பக்கத்தில் ஒரு குடியிருப்பு இருக்கிறது. தொண்ணூறில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த முஸ்லிம்களும் அவர்களின் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். ரினோசா அந்த வீடுகளில் ஒன்றுக்கு மருமகளாக வந்தவள். என்னைவிட ஒரு வயது கூட. கணவர் வெளிநாட்டில். வீட்டில் ரினோசா, மாமி, மாமியின் கடைசி மகள், மூன்று பேர்தான்.

நான் தொடங்கிய வீட்டுத்தோட்டக் குழுவில் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ரினோசாவின் தோட்டத்தைத்தான் எல்லோருக்கும் காட்டுவேன். நிலத்தில் உப்பு ஏறியிருந்ததால் பழைய உரப்பைகளில் மண்ணும் எருவும் நிரப்பி நட்டிருந்தாள். மேலே தேங்காய் மட்டை பரப்பி ஈரத்தைக் காத்தாள். பச்சை மிளகாய், கறிமிளகாய், கத்தரி, வேலி ஓரம் சின்ன வெங்காயம், கிணற்றடியில் இரண்டு பப்பாசி. மாமிக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. நான் போகும்போதெல்லாம் காதில் விழும்படி சொல்வார்.

“இவள் கத்தரிக்குக் குளிக்க வாக்கிறாள். எனக்குத் தொழ முந்தி உளுச் செய்யத் தண்ணி இல்ல.”

“கத்தரிக்கும் சுத்தம் வேணும்தானே மாமி” என்பாள் ரினோசா.

“அப்ப அதையும் தொழச் சொல்லு.”

அடுத்த வருடம் மாமியின் கடைசி மகளுக்குக் கல்யாணம் சரிவந்தது. மாப்பிள்ளை கற்பிட்டிப் பக்கம். மூன்றில் ஒரு வீடாவது வெங்காயம் போடுகிற இடம், தோட்டக்காரச் சனங்கள். பெண் வீட்டுச் சாப்பாட்டுக்குச் சஹன் வைப்பார்கள். ஆறு பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு அது. புரியாணிக்குப் பக்கத்தில் அச்சாறு இல்லாவிட்டால் அது சஹனே இல்லை. மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்று ரினோசா முன்னால் வந்து, “அச்சாறு கடையில வாங்க மாட்டம். எங்கட தோட்டத்துல இருந்துதான்” என்று சொல்லிவிட்டாள். அந்த வீட்டில் மருமகள் ஒருத்தி சபையில் வாய் திறந்து சொன்ன முதல் வாக்கு அது. மாமி மறுக்கவில்லை. ஆனால் விருந்தாளிகள் போன பிறகு, “சொன்னவள் நீ. பொறுப்பும் நீதான்” என்றார்.

ஆகவே அச்சாறு வகுப்பை அந்த வீட்டிலேயே வைத்தேன். இங்கேதான் என் பிழை தொடங்குகிறது.

நான் கொண்டுபோனது தென்னை வினாகிரி. கல்யாண அச்சாறுக்கும் போதுமான போத்தல்களை முந்தலில் தேடி வாங்கினேன். ஒன்றை உயர்த்திப் பிடித்து, ஒரு விரிவுரையாளர் போலப் பேசினேன். “செயற்கை வினாகிரியை விட இது எவ்வளவோ மேல். தென்னங்கள்ளைப் புளிக்க வைத்து, மாதக்கணக்கில் வைத்திருந்து எடுப்பது. வாசனையும் நல்லது, போத்தலும் கெடாது.”

அந்த ‘கள்’ என்ற சொல்லுக்குப் பிறகு கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. நான் அதைக் கவனமாகக் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். துண்டுப்பிரசுரத்தை வாசித்தேன். கடைசியில், “எல்லாருக்கும் விளங்கினதா?” என்று கேட்டேன்.

“ஓம் மிஸ்” என்றார்கள், பன்னிரண்டு பேரும் ஒரே குரலில். நான் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன்.

கல்யாணத்துக்குப் பத்து நாளைக்கு முன் ரினோசா போத்தல்களை நிரப்பினாள். போத்தல்களைக் கொதிக்க வைத்ததை நானே நின்று பார்த்தேன். பிறகு அலுவலகத்தில் கூட்டம் என்று போய்விட்டேன். முப்பத்தாறு போத்தல்கள். தோட்டத்தில் பழுத்ததும் பழுக்காததும், இனிப்புக்குப் பேரீச்சம்பழமும், எல்லாம் அவற்றுக்குள் போயின.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது காலையில் ரினோசா தொலைபேசியில் எடுத்தாள். “மிஸ், மூடி கொஞ்சம் மேல வந்திரிக்கி. அது நல்லதா?”

நல்லதா என்று கேட்டாளே, அந்தக் கேள்வி இன்றும் காதில் இருக்கிறது.

போய்ப் பார்த்தேன். ஐந்து போத்தல்களின் மூடி நடுவில் வீங்கியிருந்தது. மற்றவை பார்வைக்குச் சரி. ஒன்றை முற்றத்தில் வைத்துத் துணி சுற்றித் திறந்தேன். சீறிக்கொண்டு நுரை வந்தது. வெளியே பந்தலுக்குத் தகரம் இறக்குகிற சத்தம். நான் கேட்டேன்: “தாளில எழுதின மாதிரித்தானே வினாகிரி போட்டீங்க?”

“ஓம் மிஸ்.”

“ஒரு போத்தலுக்கு முக்கால்வாசி?”

“ஓம் மிஸ்.”

நான் அதை நம்பினேன். நம்பியதால் பிழையை வேறு இடங்களில் தேடினேன். போத்தல் ஈரமாக இருந்திருக்கும், வெங்காயம் வாடாமல் போட்டிருப்பார்கள், மூடி சரியில்லை. முக்கால் மணி நேரம் இப்படிப் போனது. அவ்வளவு வினாகிரிக்குள் நுரை வராது என்று நான் படித்திருந்தேன். படித்தது சரி என்றால் இவர்கள் சொல்வது சரியில்லை. அந்த எளிய கணக்கைப் போட எனக்கு மனம் வரவில்லை. என் வகுப்பில் தலையாட்டியவர்கள் அல்லவா.

என் மேலதிகாரிக்குத் தொலைபேசி எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது இவ்வளவுதான்: “போத்தலை நான் பார்க்கவில்லை. நீ பார்க்கிறாய். முடிவு எடுத்துவிட்டுச் சொல்.” அன்று எனக்கு அழுகையும் கோபமும் வந்தன. உங்களுக்கும் யாராவது இப்படிச் சொல்வார்கள். அப்போது கோபப்பட நேரத்தை வீணாக்காதீர்கள்.

நான் திரும்பி உள்ளே வந்தபோது மாமி திறந்த போத்தலைக் கூடத்துக்கு எடுத்து வந்து, அதற்கு முன்னால் கரண்டியோடு இருந்தார்.

“வாசம் குறையில்ல. நாக்குல வச்சாத் தெரியப்போகுது” என்று கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனார்.

நான் யோசிக்கவில்லை. அவர் கையைத் தட்டிவிட்டேன். கரண்டி சுவரில் பட்டு விழுந்தது. மஞ்சளும் கடுகும் அவருடைய வெள்ளைத் துப்பட்டாவில் தெறித்தன.

மாமி கறையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“என்ட கையத் தட்டுறியா?” என்றார் மாமி. “என்ட மகன்கூட இந்தக் கையத் தட்டினதில்ல.”

“தட்டினேன் மாமி. பிறகு ஏசுங்க, கேட்டுக்கொள்றேன். இப்ப இதை வாயில வைக்க வேணாம். வீங்கின போத்தல்ல என்ன இருக்கென்று நாக்குக்குத் தெரியாது.”

ஒரு மூத்தவரின் கையை அவருடைய வீட்டிலேயே தட்டியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. கேட்டிருந்தால் அவர் கரண்டியை மறுபடி எடுத்திருப்பார். கேட்கவில்லை. போத்தலை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன்.

பின்பக்கத்தில் கோழிக்கூடு. அதன் ஓரம், ஒரு உரப்பைக்குக் கீழே, என் தென்னை வினாகிரிப் போத்தல்கள் வரிசையாக நின்றன. ஒன்றின் முத்திரையும் உடையவில்லை.

ரினோசா எனக்குப் பின்னால் வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“ஊட்டுக்குள்ள வைக்க மனசு வரல்ல மிஸ். நீங்க காசு குடுத்து வாங்கினது, வீசவும் மனசு வரல்ல.”

“ஏன் சொல்லவில்லை?”

“நீங்க கள்ளு என்டு சொன்னீங்க. சில பேர், வினாகிரி ஆனாப் பிரச்சினை இல்ல என்டாங்க. சில பேர், வேணாம் என்டாங்க. கல்யாணத்துக்கு மௌலவி வருவார், மாப்பிள ஊட்டுப் பெரியாக்கள் வருவாங்க. ஒரு சந்தேகத்தோட எப்படி வைக்கிறது? தேசிக்காயும் புளிப்புத்தானே. தேசிக்காய்த் தண்ணியும் கொதிக்க வச்ச கிணத்துத் தண்ணியும் விட்டம்.”

“நான் மூன்று தரம் கேட்டேனே ரினோசா.”

“நீங்க கேட்டீங்க. ஆனா நீங்க கேக்கிற விதத்துக்கு ஓம் என்டுதான் சொல்ல ஏலும்.”

அந்த வார்த்தையை நான் பல் விழுந்த இடம் மாதிரி இன்னும் தடவிப் பார்க்கிறேன். என் அம்மாவை எத்தனை தரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். “விளங்கினதா அம்மா?” என்று டொக்டர் கேட்பார். “ஓம் டொக்டர்” என்பார் அம்மா. வெளியே வந்ததும் என்னிடம், “அவர் என்ன சொன்னார்?” என்று கேட்பார். அந்த ‘ஓம்’ எனக்குப் பிறந்த வீட்டுச் சொல். நான் மேசைக்கு அந்தப் பக்கம் போனதும் அதை மறந்துவிட்டேன்.

அந்த வினாகிரி வேண்டாம் என்றது சமய விஷயம். சரியா பிழையா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. அவர்களுக்குள்ளேயே இரண்டு கருத்து இருந்தது. என் பிழை வேறு. ‘இதில் ஏதாவது தடை இருக்கிறதா?’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றே ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

இனித் தீர்மானம். ரினோசா கெஞ்சினாள். “அஞ்சு போத்தல்தானே வீங்கினது. மத்ததெல்லாம் நல்லாத்தானே இரிக்கி. வினாகிரிய இப்ப ஊத்தினா?”

எனக்கும் அந்த ஆசை இல்லாமல் இல்லை. ஐந்தைக் கொட்டிவிட்டு முப்பத்தொன்றைக் காப்பாற்றினால் அவள் வாக்கும் நிற்கும், என் பெயரும் நிற்கும். ஆனால் எல்லாம் ஒரே சட்டியில் கலந்தவை. நன்றாக இருக்கிற போத்தல் என்பது இன்னும் வீங்காத போத்தலாக இருக்கலாம். நுரைத்தது வெறும் ஈஸ்ட்டா, வேறு ஏதாவதா என்று அறிய அங்கே ஒரு வழியும் இல்லை. தெரியாததை இருநூறு பேரின் சஹனில் வைக்க முடியாது.

“எல்லாம்” என்றேன். “முப்பத்தாறும்.”

ரினோசா மண்ணில் குந்திவிட்டாள். “நான் சபையில சொன்னன் மிஸ். இனி இந்த ஊட்டுல நான் வாய் திறக்க ஏலாது.”

அப்போது மாமி வாசலில் நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் போல. துப்பட்டாவில் கறை அப்படியே இருந்தது.

“அப்ப போத்தலுக்குள்ள நுரைச்சது என்ன?” என்று என்னைக் கேட்டார்.

“பேரீச்சம்பழத்துச் சீனி புளிச்சிருக்கலாம் மாமி. புளிப்பு காணாது, அதால.”

மாமி வாசலை விட்டு இறங்கி வந்தார். “பழம் புளிச்சு நுரைச்சா அதுக்குப் பேர் என்ன?”

நான் கோழிக்கூட்டோரம் நின்ற வினாகிரிப் போத்தல்களைப் பார்த்தேன்.

“யா அல்லாஹ்” என்றார். “கள்ளு வேணாம் என்டு சொல்லிப்போட்டு ஊட்டுக்குள்ள முப்பத்தாறு போத்தல் நாங்களே இறக்கியிரிக்கம்.”

ரினோசா அழுதுகொண்டே சிரித்தாள். மண்வெட்டியை எடுத்தவர் மாமிதான். வேலிக்கு அப்பால், தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் தூரத்தில் ஆழமாகக் குழி வெட்டினோம். கோழிகள் கிளறாதபடி எல்லாவற்றையும் கொட்டி மூடினோம். ஒரு போத்தலும் மிச்சம் வைக்கவில்லை.

முந்தலுக்குப் போய்ச் செயற்கை வினாகிரி வாங்கி வந்தேன். இந்தத் தடவை விரிவுரை இல்லை. போத்தலை ரினோசாவின் கையில் கொடுத்தேன். “இது தொழிற்சாலையில அமிலத்தில செய்வது. கள் சேராது. வேணுமென்றால் கேட்டுப் பாருங்க, நான் காத்திருக்கிறேன்.” அவள் தெருவில் இரண்டு வீடு கேட்டு வந்து, “இது சரி” என்றாள்.

அடுத்தது காய்கறி. கிணற்றடிப் பப்பாசியில் பச்சைக்காய் நான்கு. மிளகாய்ச் செடிகளில் முதிராதவை ஒரு சுளகு. வெங்காயம் இல்லை. வெங்காயம் இல்லாமல் அச்சாறு இல்லை. ரினோசா குசினிக்குள் போய்க் கூரை மரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்த பிடிகளை அவிழ்க்கத் தொடங்கினாள். அடுத்த போகத்துக்கு நடுவதற்கு என்று அவள் தெரிவுசெய்து வைத்திருந்த விதை வெங்காயம் அது.

“அதைத் தொட வேணாம்” என்றேன். “விதையைத் தின்றால் பிறகு எதை நடுவீங்க? கடையில வாங்கலாம். வெங்காயம் எங்கே விளைந்ததென்று யார் கேட்கப் போறாங்க?”

ரினோசா பிடியை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“இல்ல மிஸ்.”

ஒரு வருடத்துக்கும் மேலாக அந்தக் குடியிருப்பில் எனக்கு யாரும் சொல்லாத சொல்.

“வெங்காயக் காணிக்காரங்களுக்கு வாயில வச்சாலே தெரியும் மிஸ். எங்கட தோட்டம் என்டு சொன்னன். எங்கட தோட்டம்தான் வைப்பன். விதைக்கு மூணு பிடி மிச்சம் வச்சாப் போதும். ஒரு போகம் குறைய நட்டா என்ன, அதுல இருந்து பெருக்கலாம்.”

அவள் சொன்ன கணக்குச் சரி. நான் கோப்பில் எழுதி வைத்திருக்கும் கணக்கும் அதுதான். சபையில் சொன்ன சொல்லைக் காப்பாற்ற ஒரு போகத்தைக் குறைத்துக்கொள்ளலாமா என்பது என் கோப்பில் இல்லை. அது அவளுடைய தோட்டம், அவளுடைய முடிவு. நான் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். மாமியும் உரித்தார். கண் எரிச்சலில் மூவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தோம். பொழுது சாய முன் போத்தல்கள் நிரம்பிவிட்டன. முன்னையதில் பாதிதான்.

அதற்குப் பிறகு இன்றுவரை எந்த வகுப்பிலும் “விளங்கினதா?” என்று நான் கேட்டதில்லை. “இதில எதைச் செய்ய மாட்டீங்க?” என்று கேட்கிறேன். முதல் தரம் கேட்டபோது பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு பேசத் தொடங்கினார்கள். எலும்புத்தூள் பசளை வேண்டாம், எந்த மிருகத்தின் எலும்பென்று தெரியாது என்றார் ஒருவர். இதையே உடப்பில் கேட்டபோது, திருவிழா நாட்களில் மீன் கழிவுக் கரைசலைத் தோட்டத்தில் ஊற்ற மாட்டோம் என்றார்கள். நான் அந்த ஊரில் பிறந்தவள், எனக்கே அது தோன்றவில்லை. ஒவ்வொன்றுக்கும் மாற்று வழி இருந்தது. சொன்னால்தானே தேட முடியும்.

நீங்களும் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். சிலர் என்னைப் போல வீட்டில் முதல் ஆள். தலை நிமிர்ந்தே போங்கள், அதற்கு வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எல்லோரும் ஒரே குரலில் ‘ஓம்’ என்று சொன்னால் வீட்டுக்குப் போகாதீர்கள். அங்கேயே இருங்கள். தேத்தண்ணி கொடுப்பார்கள், குடியுங்கள். யாராவது ஒருவர் ‘இல்லை’ என்று சொல்லும்வரை வகுப்பு முடியவில்லை.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மாட்டிறைச்சி எனக்குப் பழக்கமில்லை என்று அறிந்து மாமி கோழிச் சஹன் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருந்தார். பெண்கள் பக்கத்தில் மாமி, ரினோசா, நான், மாப்பிள்ளையின் வீட்டுப் பெண்கள் மூன்று பேர். சஹன் வந்தது. நடுவில் ஒரு சின்னக் கோப்பையில் அச்சாறு. சாப்பிட முன் சொல்கிற பிஸ்மியும் சொல்லியாகிவிட்டது. ஆனால் மாமி கையை வைக்கவில்லை. அவர் வைக்காததால் யாரும் வைக்கவில்லை.

மாமி கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

“மிஸ் முதல்ல தின்னட்டும். நான் எண்ணுறன். ஆள் விழாட்டி நாங்க தின்றம்.”

மாப்பிள்ளை வீட்டுப் பெண்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ரினோசா துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள்.

“எதுவரைக்கும் எண்ணுவீங்க மாமி?”

“நூறு வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.”

நான் ஒரு வெங்காயத்தையும் பப்பாசித் துண்டையும் எடுத்து வாயில் வைத்தேன். கடுகு மூக்கில் ஏறிக் கண்ணில் நீர் வந்தது. மாமி எல்லோருக்கும் கேட்க எண்ணத் தொடங்கினார். ஒன்று, இரண்டு, மூன்று. மாப்பிள்ளையின் அக்கா பொறுக்காமல் ஒரு வெங்காயத்தை எடுத்துக் கடித்துவிட்டு, “இது எந்த மண் வெங்காயம்?” என்று ரினோசாவைக் கேட்டார். ரினோசா பதில் சொல்ல வாயெடுத்தாள். மாமி எண்ணுவதை ஏழில் நிறுத்திவிட்டு முந்திக்கொண்டார்.

“என்ட மருமகள்ட தோட்டம்” என்று சொல்லிச் சஹனுக்குள் கையை வைத்தார்.